மேடையிலேயே முகம் மாறும் காட்சி: எது சறுக்கும், ஏன், எப்படிச் சரிசெய்வது

நாடகத்தில் முகம் மாறுவது இரண்டு விதம். நடிகர் மேடையோர மறைவான சைடு விங்குக்குள் ஓடி, 30 முதல் 90 விநாடிக்குள் வேறு ஆளாகத் திரும்பி வருவது ஒன்று. படுதா விழாமல், விளக்கு அணையாமல், எல்லார் கண்முன்னேயும் மாறுவது இன்னொன்று. குடியிருப்புச் சங்கத்தின் பொங்கல் விழா மேடையானாலும் சபா மேடையானாலும் இரண்டிலும் வரும் கோளாறுகள் ஒன்றுதான். கீழே அவை அறிகுறி வாரியாக இருக்கின்றன. உங்களுக்கு எது சறுக்குகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். முதல் இரண்டை மட்டும் தாண்டாதீர்கள். மற்றவற்றில் பாதி அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

## ஒத்திகையில் 40 விநாடி, மேடையில் 2 நிமிஷம்

ஒத்திகையில் நிஜப் பசையும் நிஜப் பூச்சும் இருந்தனவா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் இருந்திருக்காது. ஒப்பனைக்காரரை நாடகத்தன்றைக்கு மட்டும் கூப்பிடுவதுதான் அமெச்சூர் குழுக்களில் வழக்கம். ஒத்திகையில் நடிகர் வெறும் முகத்தோடு விங்குக்குள் போவார், "மீசை வெச்சாச்சு" என்பார், திரும்பி வந்துவிடுவார். மீசை ஒட்டும் பசையான ஸ்பிரிட் கம் பிசுபிசுப்பு ஏறுவதற்குக் காத்திருக்கும் அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ அந்தக் கணக்கில் சேரவே சேராது.

ஒப்பனைக்காரருக்குக் கூடுதலாக இரண்டு நாள் சம்பளம் கொடுத்து ஒத்திகைக்கு வரவழையுங்கள். அது முடியாதென்றால், அந்த ஒரு மாற்றத்தை மட்டும் குழுவில் இரண்டு பேர் கற்றுக்கொள்ளட்டும். ஸ்டாப்வாட்ச் வைத்துக் குறைந்தது எட்டு முறை முழுதாகச் செய்து பாருங்கள். கதையில் 60 விநாடி கிடைக்கிறதென்றால் உட்கார்ந்து எழுந்திருக்கும் வேலை 40-க்குள் முடிய வேண்டும். மேடையிலிருந்து விங்குக்கு வருவதும், திரும்பப் போய் நிற்பதும், மூச்சு வாங்குவதுமே மிச்சத்தைத் தின்றுவிடும்.

விங்கில் செய்ய வேண்டிய ஏற்பாடு: முதுகு சாயாத ஒரு ஸ்டூல், இடுப்பு உயரத்துக்கு ஒரு மேஜை, அதன்மேல் ஒரு தட்டு. தட்டில் பொருள்கள் இடமிருந்து வலமாக, எடுக்கும் வரிசையிலேயே இருக்கட்டும். எந்த டப்பாவுக்கும் மூடி இருக்கக் கூடாது. டேப்பின் தாளைப் பாதி உரித்து, மடக்கி விட்டுவையுங்கள். முகம் ஒருவர் பொறுப்பு, தலை ஒருவர் பொறுப்பு, சட்டை பட்டன் நடிகர் பொறுப்பு. மூன்றாவது உதவியாள் வந்தால் நேரம் கூடுமே தவிரக் குறையாது. ஆறு கை ஒரு முகத்தில் புகுந்தால் ஒன்று கண்ணைக் குத்தும். நடிகர் உட்கார்ந்ததும் தாடையைத் தூக்கிக் கண்ணை மூடி, மூக்கால் மூச்சுவிட வேண்டும். அந்த நேரத்தில் வசனத்தை முணுமுணுப்பவருக்கு உதட்டுக் கோடு ஒருபோதும் நேராக வராது.

விங்கில் நீல பல்பு போடுகிற பழக்கம் இருக்கிறதா? வெளிச்சம் மேடைக்குக் கசியாது, உண்மை. ஆனால் நீல வெளிச்சத்தில் சிவப்பு, காப்பி, கறுப்பு மூன்றும் ஒன்றுபோலக் கறுப்பாகவே தெரியும். ரோஸ் என்று நினைத்துக் காப்பி நிறத்தைக் கன்னத்தில் தடவுவது இப்படித்தான். மங்கலான மஞ்சள் பல்பு ஒன்றை மேஜைக்குக் கீழே வைத்து, மேடைப் பக்கத்தைக் கறுப்புத் துணியால் மறையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நேரம் பத்தவில்லையென்றால் கோளாறு கையில் இல்லை, திட்டத்தில் இருக்கிறது. முகத்தில் ஒன்றைச் சேர்ப்பது வேகமான வேலை. ஒன்றைத் துடைத்தெடுப்பது மெதுவான வேலை. 30 வயதுக்காரர் 60 ஆவது சுலபம். 60 வயதுக்காரர் பின்னோக்கிப் போய் 30 ஆக வேண்டிய காட்சியில், கிழவனுக்கு முகம் முழுக்கக் கோடு போட்டுவிட்டு அப்புறம் துடைக்கப் பார்க்காதீர்கள். அடியில் இளைஞன் முகத்தையே முழுசாகப் போட்டுவிடுங்கள். கிழவனுக்கு உரியதெல்லாம் அதன்மேல் கழற்றக்கூடிய பொருளாகவே இருக்கட்டும்: நரை டோப்பா, தாடி, மூக்குக் கண்ணாடி, கழுத்தைச் சுற்றிய மஃப்ளர், கொஞ்சம் கூன். கழற்ற 8 விநாடி போதும். எந்த முகம் பின்னால் வருகிறதோ, அதைத்தான் முதலில் போட வேண்டும்.

## இரண்டாவது பூச்சு பிடிக்கவில்லை, திட்டுத் திட்டாக நிற்கிறது

எண்ணெய்ப் பூச்சின்மேல் தண்ணீர்ப் பூச்சு வைத்திருப்பீர்கள். பான்கேக் தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சால் போடுவது. பான்ஸ்டிக்கும் கிரீம் கலர்களும் எண்ணெய், மெழுகில் செய்தவை. கிரீம் அப்படியே ஈரமாக இருக்க, அதன்மேல் பான்கேக்கை இழுத்தால் தாமரை இலைத் தண்ணீர்போல உருண்டு விலகிவிடும். தலைகீழாகச் செய்தாலும் தொல்லைதான்: காய்ந்த பான்கேக்கின்மேல் கிரீமைத் தேய்த்தால் அடியில் இருப்பது உரிந்து ஸ்பாஞ்சோடு வந்துவிடும்.

இரண்டுக்கும் நடுவே பவுடர் வேண்டும். கிரீம் போட்டதும் பஃப் நிறையப் பவுடர் எடுத்து, உதறி, முகத்தில் அழுத்தி அழுத்தி எடுங்கள். தேய்க்கக் கூடாது. ஒரு நிமிஷம் விட்டு, மெல்லிய பிரஷ்ஷால் மிச்சத்தைத் தட்டிவிடுங்கள். விரலை வைத்துப் பார்த்தால் வழுக்காமல், பட்டுத் துணியைத் தொட்டதுபோல இருக்க வேண்டும். இதற்குமேல் பான்கேக் பிடிக்கும். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் சாதாரண முகப் பவுடர் வேண்டாம். வெள்ளைப் பவுடர் மேடை விளக்கில் சாம்பல் பூத்ததுபோலக் காட்டிவிடும். நிறமில்லாப் பவுடர் கிடைக்காவிட்டால், பான்கேக் நிறத்துக்கே ஒத்த காம்பேக்டைப் பொடித்துக்கொள்ளலாம்.

விங்கில் ஒரு முகத்தைத் துடைத்துவிட்டு இன்னொன்று போட வேண்டியிருந்தால், முதல் முகம் பான்கேக்காகவே இருக்கட்டும். ஈரமான டர்க்கி டவல் இரண்டு இழுப்பில் அதை எடுத்துவிடும். கிரீம் பூச்சைத் தேங்காய் எண்ணெய் நன்றாகக் கரைக்கும், ஆனால் துடைத்த தோலில் எண்ணெய்ப் படலம் தங்கும். அதன்மேல் பசையும் ஒட்டாது, பான்கேக்கும் ஒட்டாது. வேறு வழியே இல்லையென்றால், எண்ணெயால் துடைத்தபின் பன்னீர் நனைத்த பஞ்சால் ஒரு முறை, காய்ந்த துணியால் ஒரு முறை. இதற்கு மட்டும் 25 விநாடி ஒதுக்குங்கள்.

கழுத்துப்பட்டை, வேட்டி விளிம்பு, அங்கவஸ்திரம் கறையாவதும் இதே குடும்பத்துக் கோளாறுதான். பவுடர் பத்தாத கிரீம் எங்கே பட்டாலும் ஒட்டும். தலை வழியே போடும் உடையை அந்த வேஷத்துக்கு வைக்காதீர்கள்.

## பேசும்போது மீசை தூக்கிக்கொள்கிறது

மூக்குக்குக் கீழே உள்ள பள்ளமும் உதட்டின் இரு முனையும்தான் எப்போதும் முதலில் விடும். அங்கே வேர்வை அதிகம், அசைவும் அதிகம். காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள்.

பூச்சின்மேல் பசை தடவினீர்களா? ஸ்பிரிட் கம் வெறும் தோலில்தான் பிடிக்கும். மீசை வரப்போகிற இடத்தில் முதல் முகத்துக்கும் பூச்சு வேண்டாம். பவுடர் மட்டும் போதும். மாற்றத்தின்போது ஸ்பிரிட் (பசையல்ல, சாராயம்) நனைத்த பஞ்சால் ஒரே இழுப்பில் துடைத்துவிடலாம்.

பசை ஈரமாக இருக்கும்போதே ஒட்டினீர்களா? மெல்லிய பூச்சாகத் தடவி, விரல் நுனியால் தட்டிக்கொண்டே இருங்கள். விரலை எடுக்கும்போது நூல் இழுத்தால் அப்போது மீசையை வைத்து, நூலுதிராத ஈரத் துணியால் 10 விநாடி அழுத்துங்கள். விரலால் அழுத்தினால் பசை பளபளப்பேறி, முன்வரிசைக்குக் கண்ணாடிபோல மின்னும். அவசரத்தில் கெட்டியாகத் தடவினால் சீக்கிரம் ஒட்டும் என்று நினைப்பது தவறு. கெட்டிப் பூச்சின் மேல்தோல் மட்டும் காயும், உள்ளே ஈரம் நிற்கும், 5 நிமிஷத்தில் வழுக்கும்.

பழைய பசை வலையில் இருக்கிறதா? வலையில் பின்னிய மீசையின் ஓரம் வெள்ளையாக விறைத்திருந்தால் அது போன நாடகத்துப் பசை. கழற்றியதும் ஸ்பிரிட்டில் நனைத்துப் பழைய பிரஷ்ஷால் தட்டி எடுத்திருக்க வேண்டும். வலையில் பின்னாத உதிரி க்ரேப் முடியை நேரடியாக ஒட்டுகிற முறை அழகாகத்தான் இருக்கும். விரைவு மாற்றத்துக்கு அது ஆகவே ஆகாது.

ஸ்பிரிட் கம் சாராயத்தில் கரைத்த பிசின். குத்துவிளக்கு, கற்பூரம், ஊதுபத்தி பக்கத்தில் திறந்த பாட்டில் கூடாது.

இதற்கு நேர் எதிரான புகாரும் உண்டு: மேடையிலேயே மீசையைப் பிய்த்தெறிய வேண்டும், ஆனால் வரமாட்டேன் என்கிறது, அல்லது பாதி வந்து தொங்குகிறது. போலிச் சாமியார் மாட்டிக்கொள்ளும் காட்சியில் இப்படி ஆனால் சிரிப்பு தப்பான இடத்தில் வரும். அங்கே ஸ்பிரிட் கம்மையே தொடாதீர்கள். டோப்பா ஒட்டும் இரட்டைப்பக்க டேப்பில் மூன்று துண்டு போதும்: நடுவில் ஒன்று, இரு முனையில் ஒவ்வொன்று, ஒவ்வொன்றும் சின்ன விரல் நகமளவு. ஸ்டேஷனரிக் கடை டேப் வேர்வையில் 10 நிமிஷம் தாங்காது. நீளத் தாடிக்குக் காதில் மாட்டும் மெல்லிய எலாஸ்டிக்கும் சேர்த்து வையுங்கள். அதை டோப்பாவின் கிருதா மறைத்துக்கொள்ளும். பிய்க்கும் கை மேலிருந்து கீழே வரட்டும். பக்கவாட்டில் இழுத்தால் உதட்டுத் தோலும் சேர்ந்து இழுபடும், நடிகர் முகம் சுளிப்பார்.

## தலை நரைத்தது, தோளும் நரைத்தது

முகப் பவுடரைத் தலையில் தட்டினால் இதுதான் நடக்கும். தலையை ஆட்டியதும் ஸ்பாட் லைட்டில் மேகம் எழும். வெள்ளைப் பான்கேக்கைக் கெட்டியாக நனைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் எடுத்து, முடியின் ஓட்டத்துக்கு எதிராக ஒரு இழுப்பு, ஓட்டத்தோடு ஒரு இழுப்பு. கிருதா, நெற்றி ஓரம், புருவம் இவை போதும்; முழுத் தலையும் வெளுக்க வேண்டியதில்லை. சுத்த வெள்ளை நீல விளக்கில் நீலமாகவே தெரியும். துளி மஞ்சள் அல்லது சாம்பல் கலந்தால் நம்பும்படி இருக்கும்.

தலையில் எண்ணெய் இருந்தால் எதுவும் பிடிக்காது. முந்தின நாளே தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

## முதுமைக் கோடு கோலம்போலத் தெரிகிறது

கறுப்புப் பென்சிலைத் தூக்கிப் போடுங்கள். சுருக்கம் என்பது கோடு கிடையாது, ஒரு மேடும் பக்கத்தில் ஒரு பள்ளமும். பள்ளத்துக்குத் தோலைவிட இரண்டு மடங்கு அடர்ந்த காப்பி நிறம், அதை ஒட்டியே தோலைவிட வெளிர்ந்த மேடு. கோட்டின் ஒரு ஓரம் கூர்மையாக நிற்கட்டும், மறு ஓரத்தை விரலால் கரைத்துவிடுங்கள். இரு ஓரமும் கூர்மையானால் பென்சில் கோடு. இரு ஓரமும் கரைந்தால் அழுக்கு.

20 விநாடிதான் இருக்கிறதென்றால் எல்லாச் சுருக்கமும் வேண்டாம். மூக்கோரத்திலிருந்து வாய் முனைக்கு இறங்கும் மடிப்பு, கன்னக் குழி, கண்ணுக்குக் கீழ்ப் பை, இந்த மூன்றே போதும். நெற்றிக் கோடுகளை நடிகரே புருவத்தைத் தூக்கித் தந்துவிடுவார். கை வயதாகவில்லையே என்று கவலைப்படுகிறவர்கள் அதிகம் இல்லை. ஆனால் கிழவியின் முகத்தோடு 20 வயதுக் கை தம்ளரை நீட்டும்போது முன்வரிசை உடனே கண்டுபிடித்துவிடும். முதல் காட்சிக்கு முன்பே கையின் மேல்புறத்தில் நரம்போரம் லேசாக நிழல் போட்டுவிடுங்கள். இளமைக் காட்சியில் யாரும் கவனிப்பதில்லை.

அரங்கின் பின்வரிசையில் நின்று பாருங்கள். கண்ணாடிக்கு முன் கொடூரமாகத் தெரிந்தது அங்கே சரியாக இருக்கும்.

## விளக்கு மாறியதும் முகம் மாற வேண்டும். மாறவில்லை, அல்லது முன்னாடியே தெரிந்துவிட்டது

கண்முன் மாற்றங்களில் அதிகம் அசத்துவது இது. கையே படாமல் சாது முகம் பேய் முகமாகிவிடும். வித்தை இதுதான்: முகத்தில் முன்பே வரைந்த சிவப்புக் கோடு சிவப்பு விளக்கில் தோலோடு கலந்து மறையும், பச்சை அல்லது நீலப்பச்சை விளக்கில் அதே கோடு வெளிச்சத்தை விழுங்கிக் கறுப்பாகும். சிவப்புப் பூச்சு சிவப்பு ஒளியை மட்டும்தான் திருப்பி அனுப்பும்; பச்சை ஒளியில் திருப்பி அனுப்ப அதனிடம் ஒன்றும் இல்லை.

முன்னாடியே தெரிகிறது என்றால் சிவப்பு சுத்தமாக இல்லை. குங்கும நிறம், மெரூன், காப்பிச் சிவப்பு எல்லாவற்றிலும் கறுப்போ நீலமோ கலந்திருக்கும். ஆரஞ்சை நோக்கிச் சாயும் பளிச்சென்ற சிவப்புதான் வேண்டும். சோதிப்பது எளிது: முழங்கையில் கோடு போட்டு, விளக்குக்குப் போடும் சிவப்பு ஜெலட்டின் பேப்பர் வழியே பாருங்கள். கோடு காணாமல் போக வேண்டும். நிழல் தட்டினால் அந்த நிறம் ஆகாது.

அடுத்து கசியும் வெளிச்சத்தைத் தேடுங்கள். அரங்கின் டியூப்லைட் ஒன்று எரிந்துகொண்டிருந்தாலும், நடிகரைத் தொடரும் ஃபாலோ ஸ்பாட் விளக்கு வெள்ளையில் தொட்டாலும் ரகசியம் போச்சு. அந்தப் பாத்திரம் சிவப்பு வெளிச்சத்தில்தான் நுழைய வேண்டும். அந்திவேளை, யாகக் குண்டம், தீ மிதிக்கும் இடம் என்று கதையிலேயே சிவப்புக்கு ஒரு நியாயம் கொடுத்துவிடுங்கள்.

மாற்றம் தெரியவில்லை என்றால் சிவப்பு முழுதாக அணையவில்லை. எல்இடி பார் விளக்கில் சிவப்பு 10 சதவீதம் மிச்சம் இருந்தாலும் கோடு வெளிறிவிடும். சிவப்பைச் சுழியத்துக்கு இறக்கி, பச்சையையும் நீலத்தையும் ஏற்றுங்கள். பேய் மெல்ல மெல்ல ஏற வேண்டுமென்றால் 4 முதல் 6 விநாடி. சடாரென்று என்றால் ஒரே தட்டு, கூடவே ஒரு உடுக்கைச் சத்தம்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சிவப்பு வெளிச்சத்தில் பளிச்சென்ற சிவப்புப் பொட்டும் லிப்ஸ்டிக்கும் சேர்ந்தே மறையும். சுமங்கலியாக வந்தவள் பாதிக் காட்சி பொட்டில்லாமல் நிற்பாள்; பெரியவர்கள் வரிசையில் முணுமுணுப்பு எழும். அந்தக் காட்சிக்குக் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு.

## மேடையில் பூசிக்கொள்ளும்போது விரல் தடம் தெரிகிறது

கண்முன்னே தானே பூசிக்கொண்டு மாறும் முறையைச் சீனாவின் சிச்சுவான் நாடகக்காரர்கள் நன்றாகப் பழகியவர்கள். முகம் மாற்றும் அவர்களது கலையில் இழுப்பது, ஊதுவது, தடவுவது என மூன்று வழிகள். பட்டு நூல் கட்டிய மெல்லிய முகமூடிகளை ஒவ்வொன்றாக இழுத்தெடுப்பது பயிற்சி பெற்றவர்களுக்கே கைவரும். மற்ற இரண்டையும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

தடவுவது: கிருதாவுக்குப் பின்னாலோ புருவ ஓரத்திலோ உள்ளங்கையிலோ கிரீம் கலரை ஒளித்து வைத்து, முகத்தைத் திருப்பிய நொடியில் இழுத்துவிடுவது. கட்டி கட்டியாக, விரல் தடத்தோடு நிற்கிறதென்றால் கலர் கெட்டியாக இருக்கிறது. வேர்க்கடலையளவு கலருக்கு 3 அல்லது 4 சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழையுங்கள். ஏசி அரங்கில் இது உங்களை ஏமாற்றும்: தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். ஒத்திகை நடந்த மொட்டை மாடியில் வழுவழுவென்று போனது, 20 டிகிரி மேடையில் மெழுகாக நிற்கும். அங்கே பாரஃபின் எண்ணெயோ பேபி ஆயிலோ கலந்துகொள்ளுங்கள். வெக்கையான திறந்தவெளி மேடையில் பிரச்சினை நேர்மாறு: ஒளித்து வைத்த கலர் தானே உருகிக் கன்னத்தில் வழிந்துவிடும். எண்ணெய் கலக்காமல் வையுங்கள், உடம்புச் சூடே இளக்கிவிடும்.

தடவும் திசையும் முக்கியம். உள்ளங்கை இரண்டையும் நெற்றியில் வைத்து, கண்ணை மூடி, கன்னம் வழியாகத் தாடைக்கு ஒரே இழுப்பு. விரல்கள் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டாவது முறை தேய்த்தால் அடிப்பூச்சு கலங்கும், அதனால் அடியில் பவுடர் வலுவாக இருக்கட்டும்.

ஊதுவது: முகத்தில் எண்ணெய்ப் பசை இருக்க, கீழே வைத்த கிண்ணத்துப் பொடியை நோக்கிக் குனிந்து ஊதினால் பொடி எழுந்து முகத்தில் அப்பிக்கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டே ஊதி, ஊதியதும் வாயை மூடி மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆஸ்துமாக்காரரை இதில் விடாதீர்கள்.

நம் மேடைக்கு இதைவிடத் தோதானது தோள்துண்டு. துண்டின் ஒரு மடிப்பில் சாம்பல் நிற மேக்கப் பொடியைத் தட்டி வையுங்கள். நடிகர் அழுகிற சாக்கில் துண்டில் முகத்தைப் புதைத்து நிமிர்ந்தால் முகம் வெளிறியிருக்கும். முகம் முழுக்கவும் ஒரே மாதிரி அப்பிவிட்டால் அது மாவு மில் ஆள்தான். கன்னக் குழி, கண் பள்ளம், கழுத்து நரம்பு இவற்றில் மட்டும் பவுடர் போடாத கிரீமை விட்டு, மிச்ச இடத்தை நன்றாகப் பவுடரால் உறையவைத்தால், பிசுபிசுப்பான இடத்தில்தான் பொடி கனமாகத் தங்கும். சாவுச் செய்தி வாங்கும் தகப்பன் வேஷத்துக்கு இதைவிடச் சிக்கனமான மாற்றம் இல்லை. துண்டில் எந்த மடிப்பு என்று தெரிய ஓரத்தில் ஒரு நூல் முடிச்சு போட்டுவையுங்கள். இருட்டில் விரல் தேடும்.

திருநீற்றையே பொடியாகப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. வேர்வையில் அது காரமேறிக் கண்ணை எரிக்கும். நெற்றியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

## ரத்தம் வரவில்லை, முன்னாடியே வந்துவிட்டது, ரோஸ் மில்க்காக வந்தது

கலவை: லிக்விட் குளுக்கோஸ் 100 மில்லி, தண்ணீர் 25 மில்லி, சிவப்பு உணவு நிறப் பொடி கால் டீஸ்பூன், கோகோ பவுடர் அரை டீஸ்பூன், நீல உணவு நிறம் ஒரே ஒரு சொட்டு. ரோஸாகத் தெரிந்தால் கோகோ குறைவு. அதுதான் ஊடுருவித் தெரியாமல் தடுக்கிறது. வாய்க்குள் போகாத ரத்தத்துக்கு மட்டும் பாத்திரம் தேய்க்கும் திரவம் அரை டீஸ்பூன் சேர்த்தால் வேட்டியிலிருந்து பச்சைத் தண்ணீரில் போய்விடும்.

ரத்தம் நிரப்பி மறைத்து வைக்கும் பை உடையாததற்குக் காரணம் உறை தடிப்பாக இருப்பது. உடைந்தும் சத்தம் கேட்டதற்குக் காரணம் உள்ளே காற்று. இருப்பதிலேயே மெல்லிய பாலிதீன் உறையில் 10 முதல் 15 மில்லி விட்டு, காற்றை முழுதும் பிதுக்கிவிட்டு, மெழுகுவர்த்தி அனலில் ஓரத்தை ஒட்டுங்கள். உடைய வேண்டிய பக்கத்து ஒட்டை மெல்லியதாக விடுங்கள். வாய் ரத்தத்துக்கு ஜெலட்டின் கேப்ஸ்யூல் என்றால் காட்சிக்கு முன்பு நிரப்பிக் காய்ந்த டப்பாவில் வையுங்கள். காலையிலேயே நிரப்பினால் சாயங்காலம் கரைந்து நிற்கும். வாயில் போட்டு ரொம்ப நேரம் வசனம் பேச முடியாது, எச்சிலில் இளகிவிடும். கடிக்க வேண்டிய வசனத்துக்கு முந்தைய திரும்பலில் போட்டுக்கொள்ள வேண்டும்.

பையே இல்லாமல் வெட்டுக்காயம் காட்ட நம் வீட்டு ஆரத்தித் தட்டே வழி சொல்கிறது. சோடா, சுண்ணாம்பு போன்ற காரப் பொருள் பட்டால் மஞ்சள் சிவக்கும். முன்கையில் மஞ்சளைக் குழைத்துத் தேய்த்துக் காயவிட்டுத் துடைத்தால் வரும் மஞ்சள் நிறத்தை மேடை விளக்கும் பக்கத்துப் பான்கேக்கும் மறைத்துவிடும். மழுங்கிய அட்டைக் கத்தியின் விளிம்பில் சமையல் சோடாவைக் கெட்டியாகக் குழைத்து ஈரமாகத் தடவி, கையில் இழுத்தால் செம்பழுப்புக் கோடு விழும். சுண்ணாம்பு இன்னும் பளிச்சென்று சிவக்கும்தான், ஆனால் தோலைப் பொத்துவிடும், கண்ணில் பட்டால் ஆபத்து, வேண்டாம். கோடு வெளிறி விழுந்தால் சோடா காய்ந்திருக்கிறது, அல்லது மஞ்சள் பத்தவில்லை. பக்தி நாடகமானால் அடுத்த வித்தையும் இதிலேயே இருக்கிறது: எலுமிச்சைச் சாறு நனைத்த துணியால் "சாமி" தடவினால் கோடு திரும்ப மஞ்சளாகும், காயம் மறையும். சோடாவும் எலுமிச்சையும் சேரும்போது கொஞ்சம் நுரைக்கும். அதையும் மகிமையில் சேர்த்துக்கொள்ளலாம். காயம்பட்ட தோலில் இதைச் செய்யாதீர்கள், முகத்தில் எப்போதும் கூடாது.

தரையில் சிந்தியதை அடுத்த காட்சிக்கு முன் ஈரத் துணியால் துடைக்க ஓர் ஆளை நியமியுங்கள். குளுக்கோஸ் காலில் ஒட்டும், செருப்பு தரையோடு நிற்கும்.

## டோப்பா நகர்கிறது, மைக் விழுகிறது, சட்டை சத்தம் போடுகிறது

டோப்பாவுக்கு அடியில் முடியை நைலான் சாக்ஸ் தொப்பியால் இறுக்கிக் கட்டி, நெற்றியோரம் இரண்டு, காதுக்குப் பின்னால் இரண்டு, பிடரியில் ஒன்று என ஐந்து ஊசி. மாட்டும்போது முன்னாலிருந்து பின்னுக்கு, கழற்றும்போது பிடரியிலிருந்து முன்னுக்கு. தலைகீழாக இழுத்தால் மீசையும் மூக்குக் கண்ணாடியும் சேர்ந்து வந்துவிடும்.

கன்னத்தில் ஒட்டும் மைக்கைப் பூச்சுக்கு முன் ஒட்டுங்கள். பூச்சின்மேல் எந்த டேப்பும் நிற்காது. காதோரமும் கன்னத்தில் ஓரிடமும் மைக்ரோபோர் டேப், அதன்மேல் பான்கேக். டோப்பா மாறும்போது கம்பி சிக்காமல் இருக்க அதைப் பிடரி வழியாக இறக்குங்கள், காதுக்கு மேலே வேண்டாம்.

வெல்க்ரோ வேகமானது, ஆனால் கிழிகிற சத்தம் மைக்கில் அரங்கு முழுக்கக் கேட்கும். மேடையில் கழற்றும் உடைக்குப் பிரஸ் பட்டன் வையுங்கள். இல்லையென்றால் ஜப்பானிய கபுகி மேடையின் வழி இருக்கிறது: மேலுடையைப் பெரிய தையலால் லேசாகக் கோத்து, நூல் நுனியைப் பிடித்து உருவினால் உடை அப்படியே கழன்று அடியில் உள்ளது தெரியும். நூலை ஒவ்வொரு காட்சிக்கும் புதிதாகக் கோக்க வேண்டும். உருவுவது பின்னால் நிற்கும் உதவியாள், நடிகர் இல்லை.

## கண் எரிகிறது, தோல் தடிக்கிறது

புதிய பசை, புதிய லேட்டக்ஸ், புதிய கலர் எதுவானாலும் நாடகத்துக்கு 2 நாள் முன்பே காதுக்குப் பின்னாலோ முழங்கை உள்மடிப்பிலோ சிறு பொட்டாக வைத்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சிவந்து அரித்தால் அந்தப் பொருள் அந்த நடிகருக்கு இல்லை. ஒருவருக்கு ஒத்துக்கொண்டது இன்னொருவருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ரப்பர் கையுறையால் தடிப்பு வருகிறவருக்கு லேட்டக்ஸ் வேண்டவே வேண்டாம். ஹோலிப் பொடி, சுவர் பெயின்ட், போஸ்டர் கலர் எதுவும் முகத்துக்குக் கிடையாது, நேரம் எவ்வளவு நெருக்கினாலும்.

கண்ணில் எதுவாவது போய்விட்டால் காட்சியை நீட்டித்துச் சமாளிக்கச் சொல்லிவிட்டு, நல்ல தண்ணீரை 10 முதல் 15 நிமிஷம் விடாமல் ஊற்றிக் கழுவுங்கள். சுண்ணாம்போ காரமோ பட்டிருந்தால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கண்மை கண்ணுக்குள் வழிகிறதென்றால் கீழ் இமைக்கு உள்ளே வரைந்திருப்பீர்கள். இமை முடிக்குக் கீழே வரைந்து, மேலே துளிப் பவுடர் அழுத்துங்கள்.

நாடகம் முடிந்ததும் மீசையை அப்படியே பிய்க்க வேண்டாம். ஸ்பிரிட் கம் ரிமூவர், இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெய், ஓரத்தில் நனைத்து 2 நிமிஷம் பொறுத்து, ஓரத்திலிருந்து உருட்டி எடுங்கள். பிறகு கிரீம் பூச்சை எண்ணெய்ப் பஞ்சால் துடைத்து, அதன்பின் சோப்பு. புருவத்தை எண்ணெயில் ஊறவிட்டுக் கடைசியில் துடையுங்கள். அவசரமாகத் தேய்த்தால் புருவ முடியும் சேர்ந்து போகும்.